மரம் கடையப் பழகுபவர்களுக்கு: பட்டறை பார்ப்பதிலிருந்து உளி சேர்ப்பது வரை

ஒரு பலாமரத் துண்டில் கிண்ணம் கடைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் கிண்ணம் கைக்கு வர 14 மாதம் ஆனது. கடையக் கற்றுக்கொள்ள அதில் இரண்டு மாதம்தான் போனது. மீதி ஒரு வருடத்தை வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்தாத மோட்டாரும், கூர் நிற்காத உளிகளும், சுங்கத்தில் நின்ற பார்சலும், வெடித்துப்போன மரமும் தின்றுவிட்டன. ஒவ்வொன்றும் யாராவது ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது.

வார நாட்களில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் வீட்டுப் பின்கட்டிலோ கார் நிறுத்தும் இடத்திலோ கடைசல் பிடிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது கோயம்புத்தூர். கீழே வரும் விலைகள் நான் கொடுத்தவை அல்லது என்னிடம் கேட்கப்பட்டவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் வாங்கும் வரிசையை மாற்றாதீர்கள். நான் இழந்த பணத்தில் பெரும்பகுதி வரிசை தப்பியதால் போனதுதான்.

1. மூன்று பட்டறைகளைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்

முதல் பட்டறை உங்கள் ஊரிலேயே இருக்கும். கட்டில் கால், ஊஞ்சல் பலகைக்குக் கைப்பிடி, மாடிப்படித் தூண் கடையும் இடம். எந்த மரக்கடையில் கேட்டாலும் வழி சொல்வார்கள். அங்கே நீளமான வேலை நடக்கும். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் அதை எப்படி அணைக்கிறார்கள், உடம்பை எப்படி நகர்த்துகிறார்கள் என்று பாருங்கள். கை அசைவதைவிட இடுப்புதான் அதிகம் அசையும். இதை எந்த வீடியோவும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

இரண்டாவது, அரக்குக் கடைசல் நடக்கும் ஊர். நமக்குப் பக்கத்தில் அம்பாசமுத்திரம் இருக்கிறது. திருநெல்வேலி - தென்காசி ரயில் பாதையில் இறங்கினால் சொப்புச் சாமான் கடைபவர்களை விசாரித்துப் போகலாம். இன்னொன்று சன்னபட்ணா. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ரயிலும் நிற்கும். ஆந்திராவில் ஏட்டிகொப்பாக்கா. கடைசி இரண்டு ஊர்களிலும் வழக்கமாகப் பயன்படுத்துவது நாம் வெட்பாலை என்று சொல்லும் மரத்தை. வெளிர் நிறம், நெருக்கமான இழை, உளிக்கு வெண்ணெய் மாதிரி. சுற்றிக்கொண்டிருக்கும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். அப்புறம் தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். மெருகுக்கு டப்பா டப்பாவாக வார்னிஷ் வாங்கும் முன் இதை ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, உங்களைப் போலவே பொழுதுபோக்காகக் கடையும் ஒருவரின் வீடு. தொழில்முறைப் பட்டறையில் இல்லாத கேள்விகளுக்கு இங்கேதான் பதில் கிடைக்கும். தூசி வீட்டுக்குள் வராமல் என்ன செய்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்துக்கு என்ன சொன்னார், எந்த உளியை வாங்கிவிட்டுத் தொடாமலே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். அந்தப் பதில் எனக்கு ஏறத்தாழ 9,000 ரூபாயை மிச்சப்படுத்தியது.

2. போவதற்கு முன்னும் போன இடத்திலும்

முதலில் தொலைபேசியில் கேளுங்கள். கூடவே அன்று அந்தப் பகுதியில் பராமரிப்பு மின்தடை உண்டா என்றும் கேளுங்கள். மாதாந்திர மின்தடை நாளில் காலை ஒன்பது மணிக்குப் போய் இறங்கி, பூட்டிய பட்டறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பொம்மை கடையும் ஊர்களுக்கு நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் போக வேண்டாம். கொலு வியாபாரம் அவர்களுடைய வருமானம், நம்மோடு பேச நேரம் இருக்காது.

நாலு பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள். பட்டறைகள் சின்னவை. சுற்றும் மரத்துக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது என்பதால் நிற்கும் இடம் இன்னும் குறைவு. மூடிய காலணி, ஒட்டிய கை வைத்த சட்டை. வேட்டி, துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை எதுவும் வேண்டாம்.

படமோ வீடியோவோ எடுக்கும் முன் கேளுங்கள். சிலருக்குத் தங்கள் வடிவம் வெளியே போவதில் விருப்பமில்லை, அது நியாயம். ஒருவர் இரண்டு மணி நேரம் வேலையை நிறுத்தி நமக்குக் காட்டினால் அது அவருடைய அரைநாள் கூலி. நான் முதலிலேயே, "அண்ணா, இன்றைக்கு உங்கள் நேரத்துக்கு என்ன தரட்டும்?" என்று கேட்டுவிடுவேன். பணம் வேண்டாம் என்றால் கடைந்த பொருளை விலை பேசாமல் வாங்குவேன். அவருடைய உளியை அவர் கொடுக்காமல் தொட்டதில்லை.

நீங்கள் கடைந்த ஒன்றை, எவ்வளவு கோணலாக இருந்தாலும், எடுத்துப் போங்கள். என் முதல் கிண்ணத்தின் அடியை ஒரு பெரியவர் விரலால் தடவிப் பார்த்து, "உளி தேய்க்குது, வெட்டலை" என்றார். ஆறு மாதமாக உப்புத்தாளால் மறைத்துக்கொண்டிருந்த குறை அது. அன்றுதான் என் பிரச்சினை கையில் இல்லை, சாணையில் இருக்கிறது என்று புரிந்தது.

3. லேத்துக்கு முன் சாணை

மரத்தைச் சுற்றவைக்கும் இயந்திரமான லேத்தை எல்லோரும் முதலில் வாங்குகிறோம், சாணையைக் கடைசியில். இதைத் தலைகீழாக்குங்கள். கடைசல் உளி ஒரு நிமிடத்தில் வெட்டும் மரத்தின் நீளத்தைக் கணக்குப் பார்த்தால், தச்சு உளியைவிடப் பல மடங்கு வேகமாக மழுங்கும். கிண்ணம் ஒன்று கடைவதற்குள் நாலைந்து தடவை சாணை பிடிக்க வேண்டியிருக்கும்.

8 அங்குல பெஞ்ச் கிரைண்டர் போதும். எனக்கு 4,500 ரூபாய் ஆனது. கடையில் பொதுவாகக் கிடைப்பது நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடுவது. 1,400 சுற்று அளவில் ஓடுவது கிடைத்தால் அதையே எடுங்கள், உளியின் உலோகம் வீணாகாது. கூட வரும் சாம்பல் நிறக் கல் பொது இரும்பு வேலைக்கானது. சூடு தாங்கும் ஹை ஸ்பீட் ஸ்டீல் உளிக்கு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், 80 கிரிட் (சொரசொரப்பின் அளவு), தனியாக வாங்கி மாற்ற வேண்டும். சென்னை நிறுவனமான கார்போரண்டம் யுனிவர்சல் தயாரிப்புகள் பெரிய ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். கல்லில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று எண்ணிக்கை உங்கள் கிரைண்டரின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். மாட்டும் முன் கல்லை விரலில் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், மாட்டவே கூடாது.

கோணம் மாறாமல் பிடிக்க ஒரு ஜிக் அவசியம். வெளிநாட்டு ஜிக் விலை அதிகம். நான் படம் வரைந்து கொடுத்து ஒரு வெல்டிங் பட்டறையில் 1,500 ரூபாய்க்குச் செய்துகொண்டேன், இன்றுவரை அதுதான். ஆரம்பத்துக்கு, கிண்ணம் குடையும் குழிவு உளியான பௌல் கௌஜுக்கு 55 டிகிரி, நீளமான வேலைக்கான குழிவு உளியான ஸ்பிண்டில் கௌஜுக்கு 40, சுரண்டும் உளியான ஸ்கிரேப்பருக்கு 70 முதல் 80 வரை வைத்துக்கொள்ளுங்கள். உளியின் சரிவில் மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு, கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மை முழுச் சரிவிலும் அழிந்தால் கோணம் சரி. நுனியில் மட்டும் அழிந்தால் கோணம் கூடிவிட்டது.

4. லேத்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? நான் இதைப் பார்க்காமல் பழைய த்ரீ ஃபேஸ் மோட்டார் வைத்த லேத்தை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். என் வீட்டில் சிங்கிள் ஃபேஸ். அது நாலு மாதம் சாக்கு போர்த்திக் கிடந்தது. சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகத் தரும் விஎஃப்டி ஒன்றை வைத்தால் ஓட்டலாம், வேகமும் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அதன் விலையையும் லேத் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 1 குதிரைத்திறன் மோட்டார் 746 வாட். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

அடுத்து அளவு. 12 அங்குல ஸ்விங் என்றால் 12 அங்குல விட்டம் வரை சுற்றும் என்று பொருள். ஆனால் டூல் ரெஸ்ட்டின் அடிப்பாகம் கீழே போக வேண்டும் என்பதால் நடைமுறையில் ஒன்றிரண்டு அங்குலம் குறையும். புதியவர்களுக்கு 10 அல்லது 12 அங்குல மினி லேத் தாராளம். எனக்கு 48,000 ரூபாய் ஆனது. உள்ளூரில் ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்து தருவதை 15,000 முதல் 25,000 வரை சொல்கிறார்கள். நீளமான கடைசலுக்கு அது நன்றாகவே உழைக்கும். கிண்ணத்துக்கு, மரத்தைச் சுற்றவைக்கும் தலைப்பகுதியான ஹெட் ஸ்டாக்கின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். அதன் சுழல் அச்சான ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது.

பலரைக் கவிழ்ப்பது ஸ்பிண்டில் மரை. சிறிய லேத்துகள் பலவற்றில் 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை. ஐரோப்பிய வகையில் எம்33, 3.5 மில்லிமீட்டர் இடைவெளி. இன்னும் சின்னதில் வேறு அளவுகள். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடை சக் 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பிறகு மரை பொருந்தவில்லை என்றால் அடாப்டருக்கு அலைய வேண்டும். வெர்னியர் வைத்து அளந்து, மரை கேஜில் பொருத்திப் பார்த்து, காகிதத்தில் எழுதி பர்ஸிலேயே வைத்திருங்கள். கூடவே ஹெட் ஸ்டாக்கிலும், மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கிலும் உள்ள கூம்புத் துளையின் அளவு மோர்ஸ் டேப்பர் 1 எண்ணா 2 எண்ணா என்றும் எழுதுங்கள்.

சுற்றும் திசையும் முக்கியம். டூல் ரெஸ்ட் பக்கம் நீங்கள் நின்றால் மரத்தின் மேற்பகுதி உங்களை நோக்கி வந்து கீழே இறங்க வேண்டும். பழைய மோட்டாரில் வயர் மாறியிருந்தால் எதிர்த்திசையில் ஓடும், சக் தானாகக் கழன்று பறக்கும். மரம் மாட்டாமல் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

"இரும்பு லேத்தே வாங்கிடுங்க, ரெண்டுக்கும் ஆகும்" என்று கோவையில் எல்லோரும் சொல்வார்கள். வேண்டாம். அதன் வேகமும் அமைப்பும் வேறு வேலைக்கானவை. மரத்தூள் அதன் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும்.

5. உளிகள்: ஐந்து போதும்

உளி சேர்ப்பது தனி ஆசை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து உளி ஒன்றைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, எனக்குத் தெரியும். இருந்தாலும் முதல் வருடம் ஐந்தோடு நிறுத்துங்கள்: ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜ் (நீளமான கட்டையை முதலில் உருட்டையாக்க), ஸ்பிண்டில் கௌஜ், பௌல் கௌஜ், பார்ட்டிங் டூல் (துண்டித்து எடுக்க), வட்டமுனை ஸ்கிரேப்பர். முனை சாய்ந்த ஸ்க்யூ உளியை ஆறாவதாக, ஊர்ப் பட்டறையில் ஒருவர் அதைப் பிடிப்பதைப் பார்த்த பிறகு வாங்கலாம்.

நான் முதலில் வாங்கியது எட்டு உளி கொண்ட ஒரு பெட்டி, 7,500 ரூபாய். எல்லாம் கார்பன் ஸ்டீல். சாணையில் கொஞ்சம் சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விடும், கூர் நிற்காது. ஹை ஸ்பீட் ஸ்டீல் அந்தச் சூட்டைத் தாங்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி தீப்பொறி. சாணையில் தொட்டால் கார்பன் ஸ்டீல் வெளிச்சமாக, மத்தாப்பூ மாதிரி வெடித்துக் கிளைக்கும். ஹை ஸ்பீட் ஸ்டீலின் பொறி மங்கிய சிவப்பாக, கிளை இல்லாமல் விழும். பழைய உளி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டு, பின்முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள், இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. ஒன்று, ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. அது பிடிக்குள் போகும் இடம் பெரும்பாலும் மெல்லிய பட்டை. கிண்ணத்தின் குறுக்கு இழையில் மாட்டினால் அங்கே முறிந்து முகத்துக்கு வரும். பௌல் கௌஜ் உருட்டுக் கம்பியில் குடைந்தது, அதனால் தாங்கும். இரண்டு, பழைய அரத்தைச் சாணை பிடித்து உளியாக்கித் தருவதாகக் கொல்லுப் பட்டறையில் சொன்னால் மறுத்துவிடுங்கள். அரம் அதிகக் கடினம், அதிர்ச்சி தாங்காது, கண்ணாடி போல் உடையும்.

மலிவான நல்ல வழி ஒன்று உண்டு. இரும்பு லேத்துக்கான சதுர ஹை ஸ்பீட் ஸ்டீல் பிட்டுகள் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். அரை அங்குலப் பிட்டை ஒரு கனமான இரும்புக் கம்பியின் முனையில் பொருத்தி, ஸ்கிரேப்பராகச் சாணை பிடித்து, மரப்பிடி போடலாம். பிடியை நீங்களே கடையுங்கள். செப்புக் குழாயில் ஒரு துண்டு அறுத்தால் பூண் தயார். என் முதல் உருப்படியான கடைசல் வேலை ஒரு வேப்பமர உளிப்பிடிதான்.

அளவில் ஒரு குழப்பம் இருக்கிறது. பிரிட்டன் தயாரிப்பாளர்கள் கௌஜின் குழிவு அகலத்தைச் சொல்வார்கள், அமெரிக்காவில் கம்பியின் விட்டத்தைச் சொல்வார்கள். பிரிட்டனின் 3/8 அங்குலமும் அமெரிக்காவின் 1/2 அங்குலமும் ஒரே உளி. இது தெரியாமல் ஒரே அளவில் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

6. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

பிடி இல்லாத உளியாக வாங்குங்கள். பல தயாரிப்பாளர்கள் அப்படியும் விற்கிறார்கள். விலையும் குறையும், எடையும் குறையும். எடை குறைவது இரண்டு வகையில் லாபம், ஏனென்றால் சுங்கவரி பொருளின் விலையில் மட்டும் போடப்படுவதில்லை. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைமேல் வரி, அதற்கு மேல் இறக்குமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி. விகிதம் அடிக்கடி மாறுவதால் ஆர்டர் கொடுக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். கூரியர் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்க்கும்.

தயாராக வைக்க வேண்டியவை: ஆதார் அல்லது பான் நகல், முகவரிச் சான்று, விற்றவரின் விலைப்பட்டியல், நீங்கள் பணம் கட்டியதற்கான வங்கிச் சான்று. கடைசி இரண்டிலும் தொகை ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு விற்றவர் தள்ளுபடியைப் பட்டியலில் காட்டாமல் விட்டதால் தொகை இடித்தது. பார்சல் நாட்டுக்குள் வந்தது 12 நாளில், கைக்கு வந்தது அதற்கப்புறம் 19 நாளில். பட்டியலில் வெறுமனே "டூல்ஸ்" என்று எழுதாமல், மரக்கடைசல் உளி, பிடியில்லாதது, எத்தனை எண்ணிக்கை என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

"கிஃப்ட்னு போட்டா வரி இல்லை" என்பதை நம்பாதீர்கள். முன்பு சிறிய தொகைக்கு இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. உறவினர் யாராவது ஊருக்கு வருவதாக இருந்தால் இரண்டு மூன்று உளிகளை அவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லலாம். விமானத்துக்குள் எடுத்துப்போகும் பையில் கூடவே கூடாது. முனைகளை அட்டையால் சுற்றி, செக்-இன் பெட்டியில், பில்லோடு வைக்க வேண்டும். வரியில்லா வரம்பு எவ்வளவு என்று அவர் புறப்படும் முன் பார்த்துச் சொல்லுங்கள்.

7. மரமும் அதன் பில்லும்

மரம் அறுக்கும் மில்லில் வெட்டு மிச்சம் எடைக்குக் கிடைக்கும். பழகுவதற்கு வேம்பு, பூவரசு, மா, வாகை நல்லவை. பலா நிறமும் அழகு, உளிக்கும் இணங்கும். கருவேலத்தையும் புளியையும் முதல் வருடம் தொடாதீர்கள்.

பச்சை மரத்தை வாங்கினால் அன்றே இரண்டு வெட்டு முனைகளிலும் உருக்கிய மெழுகு பூசுங்கள். ஈரம் முனை வழியாக வேகமாக ஓடும், விரிசல் அங்கேதான் தொடங்கும். நான் "நாளைக்குப் பூசலாம்" என்று வைத்த ஏழு பலாத் துண்டுகளும் ஏப்ரல் வெயிலில் ஒரே வாரத்தில் பிளந்தன. பலகையாகக் காய ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தோராயக் கணக்கு. அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள் பச்சையாகவே கிண்ண வடிவத்துக்குக் கடைந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு, காகிதப் பையில் போட்டு நிழலில் வைக்கலாம். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றதும் மறுபடி மாட்டி முடிக்கலாம். எனக்கு நாலு முதல் ஆறு மாதம் ஆகிறது.

பில் இல்லாமல் மரம் எடுத்துப் பயணம் செய்யாதீர்கள். வேறு மாநிலப் பட்டறையிலிருந்து ஒரு பை நிறையத் துண்டுகளோடு காட்டுவழியாகத் திரும்பியபோது ஒரு வனச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். துண்டுகளைப் பார்த்து, விசாரித்து, அனுப்ப முக்கால் மணி நேரம் ஆனது. பில் இருந்திருந்தால் இரண்டு நிமிடம். சந்தனம், செம்மரம், தோதகத்தி (ரோஸ்வுட்) ஆகியவற்றை யாராவது அன்பாகக் கொடுத்தாலும் ஆவணம் இல்லாமல் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் தோதகத்திக்கென்றே 1994-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். சின்னத் துண்டுதானே என்ற சமாதானம் சோதனைச் சாவடியில் செல்லாது.

8. முதல் ஓட்டம்

முழு முகத்தையும் மூடும் ஷீல்டு வேண்டும், 400 ரூபாய். கண்ணாடி மட்டும் போதாது. தூசிக்கு என்95. கையுறை கூடாது, துணி மாட்டினால் கையையும் இழுக்கும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவில் வர வேண்டும். 3 அங்குலத்துக்கு 2,000 முதல் 3,000. 10 அங்குலத்துக்கு 600 முதல் 900. சீரில்லாத மரமாக இருந்தால் அதற்கும் கீழே தொடங்குங்கள். சுவிட்ச் போடும் முன் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, டூல் ரெஸ்ட்டில் இடிக்கவில்லை என்று பாருங்கள். சுவிட்ச் போடும்போது மரத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். உப்புத்தாள் பிடிக்கும்போது டூல் ரெஸ்ட்டை எடுத்துவிடுங்கள்.

9. பார்த்ததை மற்றவர்களோடு பகிரும்போது

ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பக்கம் எழுதி வைக்கிறேன்: தேதி, மரம், லேத்தின் வேகம், உளியின் நீளம், சரிவுக் கோணம், கேட்ட கேள்வி, கிடைத்த பதில். நாங்கள் நாலு பேர் இந்த நோட்டுகளை மாற்றிப் படிக்கிறோம். ஒருவர் சன்னபட்ணா போய் வந்தால் மற்ற மூவரும் அதே கேள்விகளைக் கேட்டு அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. கடைபவரின் தொலைபேசி எண்ணை அவரிடம் கேட்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை.

உளிகளையும் இப்படியே சுற்ற விடுகிறோம். ஒருவரிடம் இருக்கும் ஸ்க்யூவை இரண்டு மாதம் கடன் வாங்கிப் பழகி, பிடித்தால் சொந்தமாக வாங்குவது. பிடியில் வண்ணக் கோடு போட்டு யாருடையது என்று குறித்திருக்கிறோம். சாணை பிடித்துத் திருப்பித் தர வேண்டும், கோணத்தை மாற்றக் கூடாது.

இரண்டாம் முறை ஒரு பட்டறைக்குப் போகும்போது முதல் முறை எடுத்த படத்தை அச்சிட்டு எடுத்துப் போங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பெரியவருக்கு அப்படி ஒரு படமும், நான் செய்த பார்ட்டிங் டூல் ஒன்றும் கொடுத்தேன். அவர் அதைச் சாணையில் வைத்து இரண்டு நொடியில் கோணத்தைத் தன் வழக்கத்துக்கு மாற்றிவிட்டு, ஒரு சொப்பு மூடியைக் கடைந்து என் கையில் வைத்தார். அந்தக் கோணத்தை அளந்து வந்தேன். என்னுடைய பார்ட்டிங் டூலும் இப்போது அதே கோணத்தில்தான் இருக்கிறது.